நாற்பது பேரில் தொடங்கி நானூறு பேர் வரை: வேகமாக வளரும் மென்பொருள் நிறுவனத்தில் மூன்றரை ஆண்டுகள்

ஒரு கைபேசியை வாங்கிப் பயன்படுத்தியவர் அதைப் பற்றி எழுதும்போது, அவர் வாங்கிய பொருளும் எழுதும் பொருளும் ஒன்றாகவே இருக்கின்றன. வேகமாக வளரும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு அந்த வசதி கிடையாது. நான் 41-ஆவது ஆளாகச் சேர்ந்த நிறுவனமும், மூன்றரை ஆண்டுகள் கழித்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறிய நிறுவனமும் பெயரளவில்தான் ஒன்று. இங்கே நான் பாராட்டும் ஒன்று இந்நேரம் அங்கே இல்லாமல் போயிருக்கலாம். குறை சொல்லும் ஒன்று சரிசெய்யப்பட்டிருக்கலாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்கு அது ஒரு காரணம். அந்த இடத்தின் குணம் என்று நான் நினைத்திருந்தவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் வேகத்தின் குணங்கள் என்பதை, அதே வேகத்தில் வளர்ந்த வேறு நிறுவனங்களில் பணிபுரிந்த நண்பர்களோடு பேசியபோதுதான் புரிந்துகொண்டேன் என்பது இன்னொரு காரணம்.

சிறு, நடுத்தர வணிகர்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு இன்வாய்ஸ் அனுப்பி, வரவேண்டிய பணத்தைக் கணக்கு வைத்துக்கொள்ள உதவும் மென்பொருளை அந்நிறுவனம் தயாரிக்கிறது. மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தலாம். நான் சர்வர் பக்க நிரல் எழுதும் பொறியாளராகச் சேர்ந்து, ஒரு சிறு குழுவின் தலைவராக விலகினேன். ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்பவர்களுக்கு: முதல் ஆண்டுக்கு நான்கரை, இரண்டாம் ஆண்டுக்கு நான்கு, மீதிக் காலத்துக்கு இரண்டு. இவற்றின் சராசரி எந்த ஆண்டையும் குறிக்காது என்பதால் அதைக் கணக்கிடவில்லை.

முதலில் ஒரு சிறிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு இரு மடங்காக ஒரு நிறுவனம் வளர்கிறது, ஒருவர்கூட விலகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும் அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஓராண்டுகூட நிறைவு செய்யாதவர்களாக இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் இரண்டாண்டை முடிக்காதவர்களாக இருப்பார்கள். ஒன்றரை ஆண்டு பணிபுரிந்தவரே மூத்தவராகிவிடுவார். மறுபுறம், 40 பேர் உள்ள இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளக்கூடிய இணைகள் 780. 400 பேர் ஆகிவிட்டால் அந்த எண்ணிக்கை 79,800. ஆட்கள் பத்து மடங்காகும்போது இணைகள் நூறு மடங்குக்கும் மேலாகின்றன. இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், எது ஏன் இப்படி இருக்கிறது என்று அறிந்தவர்கள் நாளுக்கு நாள் சிறுபான்மையாகிறார்கள் என்பதும், அவர்களைத் தேடிப் பிடிப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது என்பதும் விளங்கும். அங்கே நான் அனுபவித்த நன்மை தீமை அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருந்தது.

நேர்காணலில் தொடங்கி வேலை உறுதிக் கடிதம் வரை எல்லாம் ஒன்பது நாள்களில் முடிந்தன. முதல் நாள் மடிக்கணினி தயாராக இருந்தது; அதில் மென்பொருளை இயங்க வைப்பதற்கான வழிகாட்டி ஆவணமும் தயாராக இருந்தது. பதினான்கு படிகள் கொண்ட அந்த ஆவணத்தின் ஆறாவது படியில் எல்லாமே நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் கேட்டேன். "ஆறாவதை விட்டுவிடுங்கள், அது போன மாதமே மாறிவிட்டது, நான் சொல்கிறேன்" என்று சொல்லி, இரண்டே நிமிடத்தில் அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாலை நான் எழுதிய ஒரு சிறு திருத்தம், ஒருவரே ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்னதும், நேரடிப் பயன்பாட்டுக்குப் போய்விட்டது. என் முந்தைய வேலையில் அதே அளவிலான ஒரு திருத்தம் வெளியாவதற்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. அன்று மாலை எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஆறாவது படியை ஆவணத்தில் யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அடுத்து வந்தவரும் தம் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொண்டார்.

முதல் ஆண்டில் கற்றுக்கொண்டதை, நிலைபெற்ற ஒரு பெரிய நிறுவனத்தில் கற்க ஐந்தாண்டுகள் ஆகியிருக்கும். ஆள் குறைவு என்பதால் ஒருவருக்கு ஒரு வேலை என்ற வரையறை இல்லை. காலையில் தரவுத்தளத்தில் ஒரு வினவல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஆராய்வேன். பிற்பகலில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் அமர்ந்து, நான் எழுதிய திரையைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கும் ஒருவரின் தொலைபேசி அழைப்பைக் கேட்பேன். "சேமி" என்ற பொத்தானும் "அனுப்பு" என்ற பொத்தானும் அருகருகே இருந்ததால், ஒரு வணிகர் ஒவ்வொரு முறையும் இன்வாய்ஸை முடிக்கும் முன்பே அனுப்பிவிட்டு, பிறகு வாடிக்கையாளரை அழைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை அப்படித்தான் அறிந்தேன். அந்த இரண்டு பொத்தான்களையும் பிரித்து வைக்கும் முடிவு, தொலைபேசியை வைத்த பத்து நிமிடத்தில், நின்றபடியே எடுக்கப்பட்டது. பின்னாளில் அதே போன்ற ஒரு மாற்றத்துக்கு வடிவமைப்புக் குழு, தயாரிப்பு மேலாண்மைக் குழு, தரச் சோதனைக் குழு ஆகிய மூன்றின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. அந்த மூன்று குழுக்களும் வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நின்றபடி எடுத்த முடிவுகளில் அபத்தமானவையும் இருந்தன.

இரண்டாம் ஆண்டில் என் வேலையின் கணிசமான பகுதி ஆள் எடுப்பதாக மாறியது. வாரத்துக்கு ஐந்து நேர்காணல்கள் என்பது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்றாலும், அதற்கு முன் விண்ணப்பத்தைப் படிக்கவும் அதற்குப் பின் கருத்தெழுதவும் இன்னொரு மணி நேரம் போகும். ஆக வாரத்தில் ஒரு முழு நாளுக்கு மேல் நேர்காணலுக்கே. வந்து சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுப்பது தனி. ஆறு பேர் செய்ய முடியாத வேலைக்காக ஆறு பேரைச் சேர்த்தோம். சேர்ந்த முதல் மூன்று மாதம் பழைய ஆறு பேரும் புதிய ஆறு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் காலாண்டின் முடிவில் நாங்கள் வெளியிட்ட வசதிகள், அதற்கு முந்தைய காலாண்டைவிடக் குறைவு. மேலிடத்தில் ஏன் என்று கேட்டார்கள். கூடவே இன்னும் நான்கு பேருக்கு அனுமதியும் கொடுத்தார்கள்.

குழுக்கள் பிரியத் தொடங்கியபோது இன்னொன்றைக் கண்ணால் பார்த்தேன். ஒரு அமைப்பு உருவாக்கும் பொருள், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-இல் எழுதினார். அதைப் படித்தபோது புத்திசாலித்தனமான கூற்று என்று மட்டும் நினைத்தேன். எங்கள் குழு பயனர் கணக்கு, கட்டணம், அறிவிப்பு என மூன்றாகப் பிரிந்த ஆறு மாதத்தில், புதிதாகச் சேரும் வாடிக்கையாளர் தம் மின்னஞ்சல் முகவரியை இரண்டு முறை உறுதிசெய்ய வேண்டியிருந்தது: கணக்குக் குழுவுக்காக ஒரு முறை, அறிவிப்புக் குழுவுக்காக ஒரு முறை. இரு குழுவினரும் ஒரே தளத்தில், ஒரு தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அமர்ந்திருந்தார்கள். தூணுக்கு மறுபக்கம் என்ன நடக்கிறது என்பதை ஒரு வாடிக்கையாளரின் புகாரிலிருந்துதான் நாங்கள் அறிந்தோம்.

சுழற்சி முறையில் இரவு அழைப்புப் பொறுப்பு ஏற்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வேலைக்கு எடுக்கும்போது யாரும் இதை விரிவாகச் சொல்வதில்லை. 'ஆன்-கால்' என்று வழங்கும் அந்தப் பொறுப்பு எனக்கு ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை வந்தது. அந்த வாரம் முழுவதும் கைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்து ஐந்து நிமிடத்துக்குள் 'பார்த்துவிட்டேன்' என்று அழுத்தாவிட்டால் அது அடுத்தவரை எழுப்பும். இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒரு நாள் அதிகாலை 2.40 மணிக்கு எனக்கு எச்சரிக்கை வந்தது. அனுப்பக் காத்திருக்கும் மின்னஞ்சல்களின் வரிசை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீண்டிருப்பதாக அது சொன்னது. மாதச் சந்தா இன்வாய்ஸ்களை உருவாக்கி அனுப்பும் நிரல் தினமும் இரண்டு மணிக்கு ஓடும். அன்று அது இரண்டு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு இன்வாய்ஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பெயரின் இறுதியில் 1 என்ற எண் இருக்கும் சர்வரில் மட்டும் இந்த நிரல் ஓட வேண்டும் என்று ஒரே ஒரு வரி நிபந்தனை இருந்தது. நிறுவனத்தில் இரண்டே சர்வர்கள் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. முந்தைய நாள் பகலில், இரண்டு மாதங்களுக்கு முன் உருவான உள்கட்டமைப்புக் குழு, வேறொரு தரவு மையத்தில் புதிய சர்வர்களை இணைத்திருந்தது. அங்கும் எண்ணிக்கை 1-இல்தான் தொடங்கியது. அந்த ஒற்றை வரிக்கு மேலே, 'இது தற்காலிக ஏற்பாடு, அடுத்த சர்வர் வரும்போது மாற்ற வேண்டும்' என்ற பொருளில் மூன்றாண்டுக்கு முந்தைய குறிப்பொன்று இருந்தது. எழுதியவர் அப்போது வேறொரு துறையின் தலைவர். அந்த வரி இருப்பதையே அவர் மறந்திருந்தார். புதிய சர்வரை இணைத்தவர் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. அவருக்கு அந்த வரி இருப்பதே தெரியாது. நிரலை நான் நிறுத்தியபோது ஏறத்தாழ ஆறாயிரம் பேருக்கு இரட்டை இன்வாய்ஸ் போய்விட்டிருந்தது. அவர்களில் 37 பேர் இரண்டு முறை பணமும் செலுத்தியிருந்தார்கள். விடியற்காலை நான்கரை மணிக்கு மன்னிப்புக் கடிதத்தின் வாசகத்தை எழுதியதும் நான்தான். அந்த நேரத்தில் எழுப்புவதற்கு வேறு யாரும் இல்லை.

எங்களுக்கு நேர்ந்தது சிறியது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், புதிய நிரலைத் தன் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் நிறுவியது. விடுபட்ட எட்டாவது சர்வரில், 2003 முதல் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் ஒன்று அப்படியே கிடந்தது; புதிய வசதிக்காக மறுபடி பயன்படுத்தப்பட்ட ஒரு பழைய குறியீடு அதை விழிக்க வைத்தது. அது சுமார் 45 நிமிடங்கள் கட்டுக்கடங்காமல் பங்குகளை வாங்கி விற்றதில் நிறுவனத்துக்கு 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. நீக்கப்படாத பழைய நிரலும், அது எதற்காக இருக்கிறது என்பதை அறியாத புதிய கைகளும் ஒன்றுசேரும் இடங்களில் எல்லாம் இதன் சிறிய வடிவம் காத்திருக்கிறது.

சம்பவத்துக்கு மறுநாள் நடந்த கூட்டத்தை நிறுவனத்தின் பெருமையாகச் சொல்ல வேண்டும். யார் செய்தது என்ற கேள்வியே எழவில்லை. இது எப்படி நிகழ முடிந்தது என்பதை மட்டும் பேசினோம். அந்த வரியை எழுதிய துறைத் தலைவர் தாமே வந்து, எழுதிய நாளில் என்ன நினைத்தார் என்று விளக்கினார். பிறர் தவறிலிருந்து கற்கும் வழக்கமும் அப்போது இருந்தது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதிக்காக வைத்திருந்த ஐந்து வழிகளும் உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதியைக் கொண்டுதான் மீண்டார்கள். அதை அவர்கள் மறைக்காமல் பொதுவில் எழுதியது மட்டுமல்ல, மீட்கும் பணியையே இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த அறிக்கையை நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சேர்ந்து படித்துவிட்டு, அடுத்த திங்களன்று எங்கள் காப்புப் பிரதி ஒன்றை உண்மையாகவே மீட்டுப் பார்த்தோம். அது மீளவில்லை. சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது.

ஆனால் ஆள்கள் 300-ஐத் தாண்டியபோது இதே கூட்டங்கள் படிவங்களாயின. 'மூல காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரியும், 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் ஒரு பெயரும் நிரப்பாவிட்டால் படிவம் மூடாது. பொறுப்பாளர் என்பது திருத்த வேண்டியவரைக் குறிக்கும் சொல் என்றுதான் விதிமுறையில் எழுதியிருந்தது. ஆண்டு மதிப்பீட்டின்போது ஒரு மேலாளர் அந்தப் படிவங்களைத் தேடி எடுத்து, யார் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினார் என்று தெரிந்த பிறகு, மக்கள் சிறு தவறுகளைப் பதிவுசெய்வதை நிறுத்திக்கொண்டார்கள். புள்ளிவிவரத்தில் அந்தக் காலாண்டு மிகச் சிறப்பாக அமைந்தது.

மேலாளர்களைப் பற்றிச் சொல்வதென்றால், மூன்றரை ஆண்டுகளில் எனக்கு ஆறு மேலாளர்கள். அவர்களில் இருவர் மிக நல்லவர்கள். ஒருவர் நல்ல பொறியாளர், மேலாளர் ஆக்கப்பட்டதால் இரண்டும் இல்லாமல் போனவர். மற்ற மூவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு அவர்கள் இருக்கவில்லை. இதில் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் உங்கள் ஓராண்டு வேலையில் நான்கு மாதத்தை மட்டும் பார்த்தவராக இருப்பார். அந்தச் சர்வர் சம்பவத்தைச் சமாளித்ததும், அதன் பிறகு இரண்டு மாதம் செலவிட்டு நிரல் எங்கே ஓட வேண்டும் என்பதை முறையாகத் தீர்மானிக்கும் ஏற்பாட்டை அமைத்ததும் என் மதிப்பீட்டில் ஓர் அரை வரியாக இடம்பெற்றன. அதை எழுதியவர் அப்போது நிறுவனத்திலேயே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் செய்ததை ஐந்து வரியில் தேதியிட்டு எழுதி வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பதவி உயர்வு கிடைத்தது அந்தக் குறிப்புகளால்தான் என்று நம்புகிறேன். அவ்வாறு எழுதி வைக்காத, என்னைவிடத் திறமையான இருவருக்குக் கிடைக்கவில்லை.

அலுவலக வசதிகளில் குறையில்லை. நல்ல நாற்காலி, பெரிய திரை, வேண்டிய நாளில் வீட்டிலிருந்து பணிபுரியும் உரிமை எல்லாம் இருந்தன. விடுப்புக்கு வரம்பில்லை என்பது விதி. வரம்பு எழுதப்படாததால் எவ்வளவு எடுக்கலாம் என்று யாருக்கும் தெரியவில்லை, எனவே பலர் மிகக் குறைவாகவே எடுத்தார்கள் என்பது நடைமுறை.

இனி ஸ்டாக் ஆப்ஷன் எனப்படும் பங்கு உரிமைக்கு வருவோம். இவ்வகை நிறுவனத்தில் சேர்பவர்களில் பெரும்பாலோர் சம்பளத்தில் சற்று விட்டுக்கொடுப்பது இதற்காகத்தான்; மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பரவலாக வழக்கத்தில் உள்ள ஏற்பாட்டின்படி, உரிமை நான்காண்டுகளில் முழுமையாக உங்களுடையதாகும். முதல் ஓராண்டு முடியும் முன் விலகினால் ஒன்றுமே இல்லை. ஓராண்டு நிறைந்ததும் நான்கில் ஒரு பங்கு, அதன் பிறகு மாதந்தோறும் 48-இல் ஒரு பங்கு. நான் 42 மாதங்கள் இருந்ததால் எட்டில் ஏழு பங்கு எனக்குச் சேர்ந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தவை வேறு.

முதலாவது, எண்ணிக்கைக்குத் தனியாகப் பொருள் கிடையாது. 10,000 ஆப்ஷன்கள் என்றால், மொத்தம் ஒரு கோடிப் பங்குகள் உள்ள நிறுவனத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்துக் கோடி உள்ள நிறுவனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மொத்தம் எத்தனை என்பதை, இனி வழங்க ஒதுக்கியிருப்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அடுத்தது, ஒவ்வொரு முறை புதிய முதலீடு வரும்போதும் புதிய பங்குகள் உருவாகின்றன. உங்கள் எண்ணிக்கை மாறாது, உங்கள் விகிதம் சுருங்கும். முதலீட்டாளர்களுக்கு உள்ள முன்னுரிமை இவற்றையெல்லாம்விட முக்கியமானது. முதலீட்டாளர்கள் 50 கோடி போட்டிருக்க, நிறுவனம் 55 கோடிக்கு விற்கப்படுகிறது என்றால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்குமாயின், மீதமுள்ள ஐந்து கோடிதான் நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும். செய்திகளில் 55 கோடிக்கு விற்பனை என்று வரும்; பத்தாண்டு உழைத்தவர் கையில் ஒரு மாதச் சம்பளம் வரும்.

என்னை உண்மையில் அடித்தது காலக்கெடு. ஆப்ஷன் என்பது பங்கு அன்று, குறிப்பிட்ட விலையில் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே. விலகிய நாளிலிருந்து 90 நாள்களுக்குள் அந்த விலையைக் கொடுத்து வாங்காவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும் என்பது எங்கள் ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. பல நிறுவனங்களிலும் இதே கெடுதான். வாங்கும் விலையோடு, வாங்கும் நாளில் காகிதத்தில் தெரியும் லாபத்துக்கு வரியும் கட்ட வேண்டியிருந்தது. சந்தையில் விற்க முடியாத ஒரு பங்குக்கு, வராத லாபத்தின் பேரில், கையிலிருந்து வரி. மூன்றரை ஆண்டுச் சேமிப்பை முழுவதும் போட்டு வாங்குவதா, மூன்றரை ஆண்டு உழைப்பின் ஒரு பகுதியைக் கைவிடுவதா என்று எண்பது நாள்கள் யோசித்து, மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கினேன். சரியா தவறா என்பது நிறுவனம் என்றாவது பங்குச் சந்தைக்கு வந்தால், அல்லது விற்கப்பட்டால்தான் தெரியும். விலகிய பின் ஐந்தாண்டு, பத்தாண்டு வரை கெடு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. இப்போது யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், சம்பளத்துக்கு முன் அதைத்தான் விசாரிக்கச் சொல்கிறேன்.

வளர்ச்சி நின்றபோது நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தில் 2019 இறுதியில் சுமார் 45 ஆயிரமாக இருந்த ஊழியர் எண்ணிக்கை 2022 செப்டம்பரில் 87 ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் 11 ஆயிரம் பேரை, அதாவது ஏறத்தாழ 13 விழுக்காட்டினரை, ஒரே அறிவிப்பில் நீக்கினார்கள். வளர்ச்சி தொடரும் என்று நம்பி ஆளெடுத்ததைத் தவறு என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். எங்கள் இடத்தில் பத்தில் ஒருவர் போனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிலருடைய நாள்காட்டியில் மட்டும், தலைப்பில்லாத பதினைந்து நிமிடச் சந்திப்பு ஒன்று தோன்றியது. பத்து மணிக்குள் அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் குழுவில் நான் எட்டு மாதத்துக்கு முன் நேர்காணல் செய்து, இந்த நிறுவனம் நிலையானது என்று நம்பிக்கை சொல்லிச் சேர்த்த ஒருவருக்கு அது வந்தது. யாரை நீக்குவது என்று என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. நீக்கியதைவிட, நீக்கிய விதம் பற்றித்தான் எனக்கு இன்றும் மனக்குறை. பதினொரு மணிக்குள் அவர்களுடைய கணினி அனுமதிகள் அனைத்தும் முடக்கப்பட்டன. அவர்களில் இருவர் மட்டுமே அறிந்திருந்த கட்டண இணைப்பு ஒன்று அடுத்த வாரம் பழுதானபோது, அதைச் சரிசெய்ய எங்களுக்கு நான்கு நாள்கள் ஆயின.

யாருக்கு இப்படிப்பட்ட இடம் பொருந்தும் என்றால், தெளிவின்மையைக் கண்டு பதறாமல், தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாமல், இன்று கட்டியதை ஆறு மாதம் கழித்து இடிக்கச் சொன்னால் மனம் நோகாமல் இருக்கக்கூடியவருக்குப் பொருந்தும். பணிவாழ்வின் தொடக்கத்தில் இருப்பவர், பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர் ஒருவராவது தம் குழுவில் இருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு சேர்வது நல்லது. அவர் இல்லாவிட்டால் வேகமாகக் கற்கலாம், தவறாகக் கற்கலாம். குறித்த நேரத்தில் வீடு திரும்பியே ஆக வேண்டிய பொறுப்புகள் உள்ளவர்கள், இரவு அழைப்புப் பொறுப்பு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வரும், கடந்த மாதம் நள்ளிரவில் எத்தனை முறை எழுப்பப்பட்டார்கள் என்ற இரண்டையும் நேர்காணலிலேயே கேட்கலாம். எண்ணைச் சொல்பவர் இருக்கும் குழு பரவாயில்லை. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றும் குழுவில், அந்தச் சிரிப்புதான் பதில். எதிரில் இருப்பவர் அங்கே எத்தனை மாதமாக இருக்கிறார், அவருக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் எங்கே போனார் என்றும் கேட்கலாம்; நான் ஆறு மேலாளர்களைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொண்டேன்.

விலகும் முன் எனக்குக் கிடைத்த நான்கு வாரத்தில், என் குழுவின் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு நிரலும் ஏன் அப்படி எழுதப்பட்டது, எதைத் தொட்டால் எது உடையும், யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஓர் ஆவணமாக எழுதினேன். அச்சிட்டால் 41 பக்கம் வரும். கடைசி நாள் பிற்பகலில், மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன், புதியவர்களுக்கான அந்தப் பழைய வழிகாட்டியைத் திறந்து ஆறாவது படியையும் திருத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, நான் அறியாத ஒருவரிடமிருந்து எனக்குத் தனிச் செய்தி வந்தது. தாம் அங்கே சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்றும், இன்வாய்ஸ் நிரல் எந்தச் சர்வரில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இவ்வளவு சிக்கலான ஏற்பாடு எதற்கு, அதை நீக்கிவிட்டு ஒற்றை வரி நிபந்தனையாக மாற்றலாமா என்றும் மிகுந்த மரியாதையோடு கேட்டிருந்தார். ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். எந்த ஆவணம் என்று கேட்டார்.